மென்படலத்துக்கான செம்பு: தூய்மையைப் பெயரில் வைக்க வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் மடற்குழுவில் இந்த இழை நீண்டுவிட்டது. என் பங்குக்கு நானும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மென்படலம், அதாவது சில்லு (சிப்) போன்றவற்றின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு, படிவிப்பதற்கென்றே விற்கப்படும் உயர்தரச் செம்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. தூயசெம்பு, தூய்தாமிரம், மாசறுசெம்பு, அதிதூய தாமிரம் என்று வரிசையாக வந்துவிட்டன. கேட்க எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பினாங்கு பாயான் லெப்பாசில் இந்தப் பொருளை வாங்கி, கருவியில் பொருத்தி, தேய்ந்த பிறகு கழற்றி அனுப்புகிற வேலையில் இருப்பவன் நான். எனக்கு இவை எல்லாவற்றின் மேலும் ஒரே குறைதான்.

> தூயசெம்பு என்றே வைத்துவிடலாம். எளிமையான சொல், யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். செம்பு விற்கிற எல்லாரும் தூய செம்பு என்றுதான் சொல்லி விற்கிறார்கள். வீட்டு வயரிங்கில் ஓடும் கம்பி 99.9 விழுக்காடு செம்பு. எலக்ட்ரீஷியனுக்கு அது தூயது, அதில் பொய்யே இல்லை. அந்தக் கம்பிச் செம்பில் பத்து லட்சத்துக்கு 200 முதல் 400 பங்கு வரை ஆக்சிஜன் இருக்கும். மின்சாரம் கடத்த அது ஒரு தடையே இல்லை. அதே செம்பை வட்டமாகக் கடைந்து எங்கள் கருவிக்குள் வைத்தால் கதையே வேறு. ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து உள்ளே சின்னச் சின்ன ஆக்சைடுத் துணுக்குகளாக உட்கார்ந்திருக்கும். அவை உலோகத்தைப் போல மின்சாரம் கடத்தாது. மின்னேற்றம் அங்கே சேர்ந்து, பட்டென்று ஒரு பொறி வெடிக்கும். வெடித்த இடத்திலிருந்து உருகிய செம்புத் துளி பறந்துபோய்ச் சில்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான படலத்தின் நடுவே உருண்டையாக ஒரு மொட்டு. அந்தச் சில்லு குப்பைக்குத்தான்.

அதனால் தூய்மை என்பதைப் பெயருக்குள் அடைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெயர் அந்தச் செம்பின் வேலையைச் சொல்லட்டும். எவ்வளவு தூய்மை, எதைக் கணக்கில் எடுத்த தூய்மை என்பதைப் பக்கத்தில் இருக்கும் எண் சொல்லட்டும்.

வேலையைச் சொல்லும் பெயராக நான் முன்வைப்பது படிவுச் செம்பு. படிய வைப்பதற்கான செம்பு, அவ்வளவுதான். அயனிகளால் அடித்துத் தெறிக்க வைத்துப் படிவித்தாலும் சரி, ஆவியாக்கிப் படிவித்தாலும் சரி, இரண்டுக்கும் பொருந்தும்.

சரி, எண்ணுக்கு வருவோம். உண்மையான தகராறு அங்கேதான்.

எங்கள் தொழிற்சாலைத் தளத்தில் யாரும் விழுக்காட்டை வாசிப்பதில்லை. “அண்ணே, ஃபைவ் நைன் காப்பர் டார்கெட் மாத்தணும்” என்பார்கள். டார்கெட் என்பது கருவிக்குள் வைக்கும் அந்தச் செம்பு வட்டு. 99.999 என்று எழுதினால் ஐந்து ஒன்பது வருகிறதல்லவா, அதுதான். நான்கு ஒன்பது என்றால் அழுக்கு பத்து லட்சத்தில் 100 பங்கு. ஐந்து என்றால் 10. ஆறு என்றால் 1. ஓர் ஒன்பது கூடும்போது அழுக்கு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. 916 வேண்டுமா 999 வேண்டுமா என்று கடையிலேயே கேட்பார்கள். அதே ஒன்பதுகள்தான் இங்கே இன்னும் நீளமாக நிற்கின்றன.

> ஐயொன்பதுச் செம்பு, அறுவொன்பதுச் செம்பு என்று சேர்த்தே எழுதலாமே?

எழுதலாம். ஆனால் வாய்ப்பாடு படித்த எந்தத் தமிழனும் ஐயொன்பது என்று கேட்டவுடன் நாற்பத்தைந்து என்று முடித்துவிடுவான்! அந்தப் பழக்கத்தை எந்தக் கலைச்சொல் குழுவாலும் மாற்ற முடியாது.

ஈப்போவிலிருந்து ஆசிரியர் ஐயா எழுதியதுதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மடல்.

> பொன்னின் தரத்துக்கு நம்மிடம் மாற்று என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். நான்மாற்று, ஐம்மாற்று, அறுமாற்று என்று செம்புக்கும் அதையே கொண்டுவந்தால் என்ன?

ஐயா, படித்தவுடன் இதற்கே கையைத் தூக்கிவிடலாம் என்று தோன்றியது. ஐம்மாற்றுச் செம்பு! என்ன ஓசை! ஆனால் மாற்றுக் கணக்கில் உச்சம் பத்தரை. அந்தக் கணக்கில் ஐந்து மாற்று என்றால் ஏறக்குறைய பாதி கலப்படம். நகைத்தொழில் தெரிந்த ஒருவரிடம் “உலகிலேயே உயர்ந்த செம்பு, ஐந்து மாற்று” என்று சொன்னால் சிரித்துவிடுவார். மாற்று ஒரே சீராகப் படி ஏறும் அளவை. ஒன்பதுக் கணக்கு அப்படி ஏறுவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பழைய சொல்லும் கெடும், புதியதும் நிற்காது.

இன்னொரு நண்பர் ஐந்தடுக்குத் தூய்மை என்றார். கணக்குப்படி இதுதான் மிகச் சரி. அழுக்கு பத்தின் அடுக்கில்தானே குறைகிறது. ஆனால் சில்லுக்குள் செம்புக் கோடுகள் மாடி மாடியாக ஓடுகின்றன. ஐந்தடுக்குச் செம்பு என்றால் எங்கள் ஆட்கள் ஐந்து மாடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேறு துறையாக இருந்தால் நானே இதை ஆதரித்திருப்பேன்.

என் பரிந்துரை ஒன்பான். ஒன்பதின் பழைய வடிவம், ஒன்பான் சுவை என்பதில் வருகிறதே, அதேதான். இன்றைக்கு எண்ணுவதற்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, அதனால் அலகுப் பெயராகச் சும்மா கிடக்கிறது. நான்கு ஒன்பான், ஐந்து ஒன்பான், ஆறு ஒன்பான். வாய்ப்பாடு குறுக்கே வராது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 99.995 என்ற தரமும் சந்தையில் உண்டு, நான்குக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டது. அது நாலரை ஒன்பான். பத்தரை மாற்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது தானாகவே வரும். ஐயாவின் சொல்லை எடுக்காவிட்டாலும் அதன் அரையையாவது எடுத்துக்கொண்டோம்.

இனி, “எதைக் கணக்கில் எடுத்த தூய்மை” என்றேனே, அது. இதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் ஆக்கிப் பயனில்லை.

ஒவ்வொரு வட்டுடனும் ஒரு பகுப்பாய்வுத் தாள் வரும். வெள்ளி இவ்வளவு, இரும்பு இவ்வளவு, கந்தகம், பாஸ்பரஸ், சோடியம், பொட்டாசியம் என்று தனிமம் தனிமமாக வரிசை. கடைசியில் யுரேனியமும் தோரியமும் நிற்கும். அவற்றுக்கு வரம்பு மற்றவற்றைவிட மிகக் கடுமை. அவை உமிழும் ஆல்ஃபாத் துகள்கள் நினைவகச் சில்லில் பதிந்திருக்கும் 0-ஐ 1 ஆக்கிவிடும் என்பது 1970களின் பிற்பகுதியிலேயே தெரிந்துபோன விஷயம். அப்போது குற்றவாளி சில்லைப் பொதிந்த பீங்கான் உறையில் இருந்த கதிரியக்க மாசு. இப்போது சில்லைத் தொடும் ஒவ்வொரு பொருளிலும் அதைத் தேடுகிறார்கள். சோடியம் வேறு வகைத் தொல்லை. ஆக்சைடுக்குள் நகர்ந்துபோய் டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். வட்டை வெறுங்கையால் தொடாதே என்று புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது இதற்காகவும்தான். விரல் ரேகையில் உப்பு இருக்கிறது.

அந்தத் தாளின் மேலே ஐந்து ஒன்பான் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில், உலோக மாசுகளை மட்டும் கணக்கிட்டது என்று இருக்கும். அதாவது ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கரிமம் முதலியவை அந்த ஒன்பதுகளுக்குள் வருவதில்லை. பொறி வெடிப்பதற்குக் காரணமான ஆக்சிஜனே கணக்கில் இல்லை! இது ஏமாற்று வேலை அல்ல, துறை முழுவதிலும் உள்ள வழக்கம். ஆனால் தமிழில் தூயசெம்பு என்று பெயர் வைத்துவிட்டால் இந்தப் பொடி எழுத்து இன்னும் பொடியாகிவிடும். ஆகவே முழு வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “ஐந்து ஒன்பான் படிவுச் செம்பு, ஆக்சிஜன் பத்து லட்சத்துக்கு 5 பங்குக்கு மேற்படாமல்.” இதைக் கொள்முதல் தாளில் அப்படியே எழுதலாம்.

> இத்தனை தூய்மை எதற்கு? மின்சாரம் நன்றாகக் கடத்தத்தானே?

கோலாலம்பூர்த் தோழியின் கேள்வி. பெரும்பாலும் அதற்காக இல்லை என்பதுதான் வேடிக்கை. செம்பின் மின்தடைமை 1.68 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், அலுமினியத்துக்கு 2.65. ஐபிஎம் 1997இல் அலுமினியத்தை விட்டுச் செம்புக் கோடுகளுக்கு மாறப்போவதாக அறிவித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அறை வெப்பநிலையில் நான்கு ஒன்பானுக்கும் ஆறு ஒன்பானுக்கும் கடத்துவதில் பெரிய வேறுபாடு தெரியாது. செம்புக்குள் ஓர் எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரம் சராசரியாக 40 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. படலமே அந்த அளவுக்கு மெலிந்துவிட்டால் எலக்ட்ரான் மேற்பரப்பிலும் மணி எல்லைகளிலும்தான் (உலோகத்துக்குள் படிக மணிகள் சந்திக்கும் இடங்கள்) முட்டிக்கொண்டிருக்கும். மாசில் முட்டுவதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. தூய்மை கேட்பது துளி பறக்காமல் இருக்க, நகரும் அயனிகள் நுழையாமல் இருக்க, ஆல்ஃபா வராமல் இருக்க. மாசுகளிலும் எல்லாம் ஒன்றல்ல. வெள்ளி கொஞ்சம் இருந்தால் கடத்தும் திறன் அசைவதே இல்லை. பாஸ்பரஸ் அதே அளவு இருந்தால் நன்றாகவே அடிபடும்.

அடுத்தது டார்கெட். இலக்கு என்று நேராக மொழிபெயர்த்தவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். தொழிற்சாலையில் இலக்கு என்றால் மேலாளர் கேட்கும் மாத உற்பத்திக் கணக்கு. “இலக்கு தேய்ந்துவிட்டது” என்று நான் கூட்டத்தில் சொன்னால் என்னைத் தேய்த்துவிடுவார்கள். ஆர்கான் அயனிகள் வந்து மோத, அணுக்கள் தெறித்துப் பறக்கும் வட்டு இது. தெறிவில்லை என்கிறேன். தேய்வதைப் பார்த்தவர்களுக்குச் சொல் ஒட்டிக்கொள்ளும். காந்தம் வைத்த கருவிகளில் வில்லை சமமாகத் தேயாது. காந்தப்புலம் சுற்றும் பாதையில் வட்டமாக ஒரு பள்ளம் விழும். அது அடிவரை இறங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். அப்போது மொத்தச் செம்பில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகியிருக்காது. மீதி உருக்குவதற்குத் திரும்பிப் போகும். பளபளப்பான ஓரமும் நடுவில் ஆழ்ந்த வளையமுமாகக் கழற்றிய வில்லையைக் கையில் தூக்கினால்தான் செம்பின் கனம் தெரியும்.

இப்படித் தெறிக்க வைக்கும் செயலுக்கு வளிமத் (வாயு) தெறிப்பு என்று ஒருவர் சொல்லியிருந்தார். தெறிப்பு போதும், வளிமத்தை விட்டுவிடலாம். 1852இல் குரோவ் என்ற அறிவியலாளர் மின்னிறக்கக் குழாயில் இதைக் கண்ட காலத்திலிருந்து வளிமம் கூடவே இருப்பது உண்மைதான். ஆனால் செம்புக்கு ஒரு தனித்திறமை உண்டு. போதிய திறனில் ஒருமுறை தொடங்கிவிட்டால் ஆர்கானை நிறுத்தினாலும் தெறிப்பு நிற்காமல் ஓட வைக்க முடியும். தெறித்த செம்பே அயனியாகித் திரும்பி வந்து வில்லையை அடிக்கும். நாம் ஆராய்கிற உலோகத்துக்கே பொருந்தாத பெயர் எதற்கு?

ஆவிப்படிவு என்ற சொல் பற்றிச் சுருக்கமாக. அதைக் குடுவையில் சூடாக்கி ஆவியாக்கும் முறைக்கு மட்டும் வைக்காதீர்கள். தெறிப்பும் ஆவிப்படிவுக் குடும்பத்தில் ஒன்றுதான். சூடாக்கும் முறைக்கு ஆவியாக்கிப் படிவித்தல் என்று நீட்டியே சொல்லலாம். அதற்கு வரும் செம்பு வில்லையாக வராது, குறுமணியாக வரும்.

செம்பா தாமிரமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. இரண்டும் நம்முடையவை. செம்பு என்றால் தண்ணீர்ச் செம்பு நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். வரட்டும், அதுவும் அதனால் செய்ததுதானே.

தெறிவில்லையை முதுகில் தாங்கும் தட்டுக்குப் பின்தட்டு போதும். இரண்டையும் இண்டியம் உருக்கி ஒட்டுவார்கள். அதற்குப் பற்றாசு என்ற நல்ல சொல் பொற்கொல்லர் பட்டறையில் காலங்காலமாக இருக்கிறது, இண்டியப் பற்றாசு என்று எடுத்துக்கொள்வோம். மின்முலாம் ஏற்றுவதற்கு முன் படிவிக்கும் மெல்லிய செம்புக்கு வித்துப் படலம் என்று இழையில் வந்ததில் எனக்கு மறுப்பில்லை. செம்பு சிலிக்கனுக்குள் ஊடுருவாமல் காக்கும் டாண்டலத்துக்குத் தடுப்புப் படலம், அதிலும் சண்டை இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. செம்பு கண்ணாடியிலும் சிலிக்கன் ஆக்சைடிலும் சரியாக ஒட்டாது, டேப் ஒட்டி இழுத்தாலே உரிந்து வந்துவிடும். அதனால் முதலில் டைட்டானியமோ குரோமியமோ மெல்லியதாகப் படிவித்து அதன் மேல் செம்பைப் படிவிக்கிறோம். ஒட்டுப்படலம் என்று எழுதிப் பார்த்தேன், பசைநாடா போல ஒலிக்கிறது. பிணைப்படலம் என்றால் வேதிப் பிணைப்போடு குழம்புகிறது. ஈப்போ ஐயாவுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். சொற்தொகுப்பில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பாயான் லெப்பாசிலிருந்து