புதுப்பிப்பு: கிளிநொச்சி அலுவலகத்தில் சாட்ஜிபிடி, மூன்று மாதத்துக்குப் பிறகு

கமக்காரர்களின் கடிதங்களுக்குப் பதில் போக மாதக்கணக்காகிறது, செயற்கை நுண்ணறிவு உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "செய்து பாருங்கள்" என்றீர்கள். செய்து பார்த்தோம்.

முதல் தடை நாங்கள் நினைக்காத இடத்தில் வந்தது. பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அப்படியே ஒட்டினால் பொருளே வராது. எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றவே இரண்டு வாரம் போனது. பொறுமையாக இருந்து மாற்றித்தந்த எழுதுவினைஞர் தங்கச்சிக்குத்தான் என் முதல் நன்றி. பத்து வருடத்துக்கு முன்பே நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது.

சிங்களச் சுற்றறிக்கைகளுக்கு இப்போது அன்றைக்கே தமிழ் வரைவு கிடைக்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு தடவை, கொள்வனவுக்குக் கொண்டுவரும் நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரி வரைவில் விடுபட்டிருந்தது. அது தெரியாமல் பரந்தனிலிருந்து ஒருவர் ஈர நெல்லை ஏற்றிவந்து திரும்பிப் போனால் ஏற்றுக்கூலியை யார் கொடுப்பது? மூலத்தோடு ஒப்பிடாமல் இப்போது எதையும் அனுப்புவதில்லை.

சரி, பதில்கள் வேகமாகப் போகின்றனவா? இல்லை. பத்து நிமிடத்தில் தயாராகும் வரைவு, கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. ஒப்பமிடும் அதிகாரம் ஒருவருக்குத்தான்; அவருக்கு மூன்று அலுவலகங்கள். இன்னொருவருக்கும் அதைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.