அம்மம்மாவின் பிள்ளைகள் குழு: கண்ணன் டோர்ட்முண்ட் போகிறான்

(குழு விளக்கம்: இங்கே தமிழில் மட்டும் எழுதவும். – பெரியப்பா)

*செவ்வாய்*

*கண்ணன், இரவு 7:14:* பெரியம்மா, அடுத்த மாதம் இரண்டாவது சனி ஞாயிறு ஜேர்மனியில், ஹம் வீட்டில் நிற்பீர்களா? நானும் மூன்று நண்பர்களும் லண்டனிலிருந்து உங்களுக்குப் பக்கத்து டோர்ட்முண்டில் உதைபந்து மேட்ச் பார்க்க வருகிறோம். டோர்ட்முண்ட் கிளப்புக்கு மைன்ஸ் கிளப்போடு விளையாட்டு.

*ஹம் பெரியம்மா, 7:16:* நாங்கள் எங்கே போகப்போகிறோம் அப்பன். வாருங்கோ. நாலு பேரும் இங்கேயே படுக்கலாம், ஹோட்டல் கீட்டல் என்று கதைக்காதே. அந்தப் பிள்ளைகள் உறைப்புச் சாப்பிடுவார்களா?

*அம்மா, 7:21:* ஏன், லண்டனில் உதைபந்து இல்லையா? வீட்டைச் சுற்றி எத்தனை மைதானம் இருக்கிறது.

*கண்ணன், 7:23:* மைதானம் இருக்கிறது அம்மா, டிக்கெட்தான் கிடைக்காது. என் கிளப்பில் போன தடவை உச்சித் தட்டில் ஒரு மூலை சீட் 72 பவுண். அதற்கே உறுப்பினர் கட்டணம் கட்டி, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு ஒரு தடவையாவது அந்த மஞ்சள் சுவரைப் பார்க்க வேண்டும்.

*அம்மா, 7:24:* சுவர் பார்க்கவா பிளேன் ஏறுகிறாய்?

*ரூபி அக்கா, 7:31:* 😂😂 சித்தி, சுவர் என்றால் ஆட்கள். தெற்குப் பக்கக் கேலரி. 24,454 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள், எல்லாரும் மஞ்சள். ஐரோப்பாவிலேயே பெரிய நிற்கும் கேலரி அதுதான். பதினோரு வருஷமாக நானும் அந்தச் சுவரில் ஒரு செங்கல்.

*ஹம் பெரியம்மா, 7:33:* நம் காமாட்சி அம்மன் தேருக்கு வருகிற சனம் மாதிரி என்று நினைத்துக்கொள்.

*பெரியப்பா, 7:34:* தேருக்கு வருகிறவர்கள் பாட்டுத் தெரியாமல் வாயசைப்பார்கள். அங்கே எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம்.

*ரூபி அக்கா, 7:36:* கண்ணா, நீ ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு உள்ளூர் மேட்ச்சுக்கும் இங்கிலாந்திலிருந்து ஆயிரம் பேர் மட்டில் வருகிறார்கள் என்று பத்து வருஷத்துக்கு முதலே எங்கள் கிளப் சொன்னது. ரயிலில் ஏறினால் பாதிப் பேர் மான்செஸ்டர் ஆங்கிலம்தான் கதைக்கிறார்கள்.

*சித்தப்பா (ஹரோ), 8:02:* கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு விமானம் போக வர 58 பவுண். டிக்கெட் 45 யூரோ, நம் காசில் 40 மட்டில். தங்கல் 0. சாப்பாடு 0. ரயிலுக்கும் பியருக்கும், மன்னிக்கவும், தேநீருக்கும் 30. மொத்தம் 128. லண்டனில் டிக்கெட் 72, ரயில் 12, மைதானத்தில் விற்கிற அந்த ஆறிப்போன பை 8, மொத்தம் 92. வித்தியாசம் 36 பவுண். அந்த 36க்கு ஒரு நாடும் ஒரு பெரியம்மாவும் கிடைக்கிறார்கள். போகலாம், அனுமதிக்கிறேன்.

*அம்மா, 8:03:* பியரா?

*கண்ணன், 8:03:* தேநீர் அம்மா.

*சித்தப்பா (ஹரோ), 8:10:* ரூபி, ஒரு சந்தேகம். 24 ஆயிரம் பேரை நிற்க விடுகிற இடத்தில் சீட் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கலாமே. உங்கள் கிளப்பில் கணக்காளர் இல்லையா?

*ரூபி அக்கா, 8:19:* இருக்கிறார் சித்தப்பா, ஆனால் அவர் நினைத்ததைச் செய்ய ஏலாது. இங்கே 1998இலிருந்து 50+1 என்று ஒரு விதி. கிளப் கம்பெனியாக மாறினாலும் வாக்கில் பாதிக்கு மேல் அதன் தாய்ச் சங்கத்து உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் கிளப்புகள் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. எங்கள் கிளப் 2000ஆம் ஆண்டே பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. இருந்தாலும் தீர்மானம் எடுக்கிற நிர்வாகக் கம்பெனி இன்னும் சங்கத்திடம்தான். விலையைக் கண்டபடி ஏற்றினால் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று கிழிப்பார்கள். வருஷம் முழுவதுக்கும் வாங்குகிற என் சீசன் டிக்கெட்டை 17 உள்ளூர் மேட்ச்சால் பிரித்தால் ஒன்று 20 யூரோவுக்குள் வருகிறது.

*ரூபி அக்கா, 8:21:* மலிவாக விற்றதால் கிளப் கெட்டதும் இல்லை. 2005இல் திவாலின் விளிம்புக்குப் போனது வீரர்களுக்கு அள்ளிக் கொடுத்ததால்.

*சித்தப்பா (ஹரோ), 8:22:* ம். எல்லாக் குடும்பத்திலும் அதே கதைதான்.

*அம்மா, 8:40:* நின்றுகொண்டு பார்க்க வேண்டுமென்றால் இங்கே நின்று பார்க்க விடமாட்டார்களா?

*கண்ணன், 8:47:* நீண்ட காலம் விடவில்லை அம்மா. 1989இல் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 பேர் செத்துப் போனார்கள். நின்றதால் இல்லை. ஏற்கெனவே நிரம்பிப்போன அடைப்புக்குள் இன்னும் ஆட்கள் போகும்படி போலீஸ் வாசலைத் திறந்துவிட்டது. அதன் பிறகு பெரிய மைதானங்கள் எல்லாம் சீட் என்று ஆயிற்று. 2022 ஜனவரியில்தான் சில மைதானங்களில் கம்பி போட்டு நிற்க அனுமதித்தார்கள். பியர் கப்போடு சீட்டுக்குப் போவதோ 1985 சட்டப்படி குற்றம். பந்து கண்ணில் பட்டால் பியர் கையில் இருக்கக் கூடாது.

*அம்மா, 8:48:* அது நல்ல சட்டம்.

*மூன்று வாரம் கழித்து, புதன்*

*கண்ணன், பகல் 12:05:* 😭😭😭 பெரியம்மா

*ஹம் பெரியம்மா, 12:06:* என்னப்பன், யாருக்கு என்ன?

*கண்ணன், 12:08:* இப்போதுதான் நேரம் அறிவித்தார்கள். மேட்ச் சனி இல்லை. ஞாயிறு மாலை 5:30க்கு. எங்கள் பிளேன் ஞாயிறு மாலை 6 மணிக்கு!

*ரூபி அக்கா, 12:30:* நேரம் வரும் முன் பிளேன் போடாதே என்று நான் சொல்லவில்லையா? முதலில் எந்த வாரம் என்று மட்டும்தான் தெரியும். வெள்ளியா சனியா ஞாயிறா என்பது சில வாரத்துக்கு முன்தான் வரும். இங்கிலாந்துக்காரர் எல்லாரும் ஒரு தடவை இதில் விழுந்து எழும்புவார்கள்.

*கண்ணன், 12:33:* சனி 3:30 என்றுதான் நினைத்தோம். ஜேர்மனியில் எல்லாம் சனி 3:30 என்று எல்லாரும் சொன்னார்கள்.

*ரூபி அக்கா, 12:35:* பெரும்பாலும் அப்படித்தான். திங்கட்கிழமை மேட்ச் வைத்துப் பார்த்தார்கள், ஆட்கள் டென்னிஸ் பந்து எறிந்து, பாட்டுப் பாடாமல் நின்று அதை 2021இலிருந்து ஒழித்தே விட்டார்கள். ஞாயிறு இன்னும் மிச்சம் இருக்கிறது.

*சித்தப்பா (ஹரோ), 1:15:* திங்கள் காலை விமானம் பார்த்தேன், தலைக்கு மேலதிகம் 64 பவுண். புதிய மொத்தம் 192. வித்தியாசம் சரியாக 100. பெரியம்மாவின் விலை ஏறிவிட்டது.

*ஹம் பெரியம்மா, 1:17:* ஏறட்டும். ஒரு நாள் கூட நிற்பார்கள்தானே. திங்கள் வரை நிற்கிறதென்றால் இடியப்பமும் அவிக்கலாம்.

*கண்ணன், 6:50:* இன்னொரு தலையிடி. என்னோடு வருகிற மூவரில் உயரமானவன் எங்களுக்குச் சொல்லாமல் ஏதோ ஒரு இணையத்தளத்தில் 160 யூரோ கொடுத்துத் தெற்குக் கேலரி டிக்கெட் வாங்கியிருக்கிறான். இன்று அது செல்லாது என்று மின்னஞ்சல். காசு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

*ரூபி அக்கா, 7:20:* தெற்கில் கிட்டத்தட்ட எல்லாம் சீசன் டிக்கெட். அதை வெளியில் விற்கிறது பிடிபட்டால் ரத்து. அவனுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் கிளப்பின் சொந்த மறுவிற்பனையில் சீட் தேடித் தருகிறேன். என்னோடு நிற்கிற சிநேகிதி அன்றைக்கு வேலை, அவளுடைய இடத்தை முறைப்படி மாற்றித் தருவாள். அது உனக்கு. ஆனால் ஒரு நிபந்தனை.

*கண்ணன், 7:20:* எதுவானாலும் சரி அக்கா

*ரூபி அக்கா, 7:34:* ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பாதி டோர்ட்முண்ட், பாதி மைன்ஸ் என்று தைத்த சால்வை வாங்கக் கூடாது. வாங்கினால் நீ யாரென்றே எனக்குத் தெரியாது. பகிடிக்குச் சொல்லவில்லை. லண்டனில் உன் சீட் 72 பவுண் ஆனது எப்படி? வருஷத்தில் ஒரு தடவை வருகிறவன் என்ன விலையும் கொடுப்பான் என்று கிளப்புக்குத் தெரிந்துவிட்டது. அவன் கடையில் சால்வையும் வாங்குவான், படம் எடுத்துக்கொண்டு போவான். பக்கத்துத் தெருக்காரன் வெளியே. இப்போது நீங்கள் இங்கே வருஷத்தில் ஒரு தடவை வருகிறவர்கள். 160 யூரோ கொடுத்தவன் உன் சிநேகிதன்தானே.

*கண்ணன், 7:52:* அது சுடுகிறது அக்கா.

*ரூபி அக்கா, 7:53:* வராதே என்று சொல்லவில்லை. வந்தால் பாடு.

*பெரியப்பா, 9:10:* நானும் ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர் இங்கே வந்து உதைபந்து பார்ப்பது இன்றைக்கு நேற்று வந்த வழக்கம் இல்லை. 1986இல் நான் மொன்ஷன்கிளாட்பாக்கில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். பக்கத்தில் ரைன்டாலனில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய முகாம். 2013இல்தான் மூடினார்கள். சனிக்கிழமைகளில் சிப்பாய்கள் சாதாரண உடுப்பில் கிளாட்பாக் கிளப்பின் பழைய பொக்கல்பெர்க் மைதானத்துக்குப் போவார்கள். லிவர்பூல்காரர் என்றால் தனி மரியாதை. 1973இலும் 77இலும் கிளாட்பாக்கும் லிவர்பூலும் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டிகளில் மோதி, இரண்டு தரமும் லிவர்பூல் வென்றது. அடித்துக்கொள்ளாமல் சிநேகிதமாகி விட்டார்கள். ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு கிளாட்பாக் ரசிகர்கள் காசு சேர்த்து அங்கே அனுப்பினார்கள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்று ஒரு சிப்பாய் என்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனான். ஜேர்மனிக்கு வந்து யாரும் என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

*ரூபி அக்கா, 9:12:* அப்பா, இதை ஏன் எனக்குச் சொல்லவே இல்லை?

*பெரியப்பா, 9:15:* நீ டோர்ட்முண்ட்காரி. கேட்டிருக்க மாட்டாய்.

*மேட்ச் வாரம், சனி*

*கண்ணன், காலை 10:40:* வந்து இறங்கிவிட்டோம். பிரெக்ஸிட் புண்ணியத்தில் எங்களுக்குத் தனி வரிசை, 50 நிமிஷம். முன்னும் பின்னும் எல்லாரும் மேட்ச் பார்க்க வந்த ஆங்கிலேயர். ஒருவர் லீட்ஸிலிருந்து, இது இருபதாவது தடவையாம். தன் ஊர்க் கிளப்புக்கு இத்தனை தடவை போகவில்லை என்றார்.

*ஹம் பெரியம்மா, இரவு 9:25:* பிள்ளைகள் வந்து சாப்பிட்டார்கள். பகல் போஃகூமுக்குப் போய் இரண்டாம் பிரிவு மேட்ச் பார்த்தார்களாம். அரை மணி ரயிலில் ஊருக்கு ஒரு கிளப் இருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறார்கள். செம்பட்டைத் தலையன் ஆட்டிறைச்சிக் கறியை மூன்று தரம் வாங்கினான். உயரமானவனுக்கு மூக்கால் ஓடுகிறது, ஆனால் விடவில்லை. மற்றவன் கதைக்கவே இல்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். அவனைத்தான் எனக்குப் பிடித்தது.

*ஞாயிறு*

*அம்மா, மாலை 4:10:* கண்ணா, குளிருக்கு என்ன போட்டிருக்கிறாய்?

*ஹம் பெரியம்மா, 4:12:* இவருடைய நல்ல ஜாக்கெட்டைக் கொடுத்து விட்டேன். கோயிலுக்குப் போடுகிறது.

*கண்ணன், 4:31:* நகரத்திலிருந்து நடந்தே போகிறோம். டிக்கெட்டைக் காட்டினால் ரயில் இலவசம், ஆனால் எல்லாரும் நடக்கிறார்கள். தாத்தா, பேத்தி, நாய்க்குக்கூட மஞ்சள் சட்டை. இனி ஃபோன் உள்ளே.

*அம்மா, 7:50:* முடிந்துவிட்டதா?

*அம்மா, 8:35:* கண்ணா?

*கண்ணன், 9:48:* சத்தம் போகவில்லை காதிலிருந்து. தொண்டை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். மைதானத்துக்குள் 81 ஆயிரம் பேர். அறிவிப்பாளர் ஒவ்வொரு வீரருக்கும் முதல் பெயரை மட்டும் சொல்கிறார், மிச்சப் பெயரைத் தெற்குக் கேலரி சொல்கிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு அறுபது வயது அம்மா, கம்பியில் சாய்ந்துகொண்டு ரொட்டிக்குள் சொசேஜ் சாப்பிட்டார். நான் பாட்டுத் தெரியாமல் நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் முதலில் என் காதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு தான் பாடினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் பாடினேன். கோல் விழுந்தபோது என் கால் தரையில் இல்லை. அந்த அம்மாவின் சொசேஜும் கையில் இல்லை.

*சித்தப்பா (ஹரோ), 9:55:* சீட்டில் இருந்த மற்ற மூன்று பேர்?

*கண்ணன், 9:57:* மேட்ச்சைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்தார்களாம். உயரமானவன் சொன்னான், 160 யூரோ போனாலும் பரவாயில்லை என்று. அக்கா அவனை முறைத்தா.

*ஹம் பெரியம்மா, 11:20:* ஜாக்கெட் முழுக்கப் பியர் மணக்கிறது.

*அம்மா, 11:20:* கண்ணன்!!

*கண்ணன், 11:21:* நான் குடிக்கவில்லை அம்மா, மேலே விழுந்தது!

*அம்மா, 11:21:* பியர் எப்படி மேலே விழும்? மழையா?

*ரூபி அக்கா, 11:24:* சித்தி, உண்மைதான். கோல் விழுந்தால் எல்லாரும் கப்பை மேலே எறிவார்கள். மழைதான். (அவன் குடித்தது தனி, அதை நான் பார்க்கவில்லை.)

*திங்கள்*

*கண்ணன், காலை 11:05:* லண்டன் வந்துவிட்டோம். பெரியம்மா, என் மஞ்சள் சால்வையைக் காணவில்லை. அங்கே இருக்கிறதா?

*ஹம் பெரியம்மா, 11:09:* ஓம், அதுவும் பியரில் நனைந்து கிடந்தது. ஜாக்கெட்டோடு சேர்த்துத் தோய்த்து பல்கனியில் வடிவாக விரித்துக் காயப்போட்டிருக்கிறேன்.

*பெரியப்பா, 11:10:* ஐயோ, உள்ளே எடு! கீழ் வீட்டுக்காரர் ஷால்கே ரசிகர், டோர்ட்முண்டின் பரம எதிரி!

*ஹம் பெரியம்மா, 11:12:* அதுதானா? காலையில் மேலே பார்த்து ஏதோ பெரிதாகச் சொன்னார். நான் குட்டன் மோர்கன் சொல்லிவிட்டு வந்தேன்.