உறுப்புநிலைப் பதிவு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரின் உடலில் எந்தெந்த உறுப்புகள் உள்ளன, எவை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்டன, எவை அறுவையால் புதிதாக அமைக்கப்பட்டன என்பதை, பாலின விவரத்தைச் சாராமல் மருத்துவ ஆவணத்தில் தனியே குறித்துவைக்கும் பகுதிக்கு 'உறுப்புப் பட்டியல்', 'உறுப்பிருப்பு' என்னும் இரு சொற்கள் இந்தக் கலைச்சொல் விவாத இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் எளியவையே. ஆயினும் புற்றுநோய்ப் பரிசோதனையில் இந்தப் பகுதிக்குள்ள பொறுப்பை நோக்கும்போது, அவை போதவில்லை என்று கருதுகிறேன்.

கருப்பை வாய் உள்ள திருநம்பியின் ஆவணத்தில் 'ஆண்' என்று மாற்றியதும், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான தானியங்கி அழைப்பு அவருக்கு நின்றுபோகக்கூடும். யோனியமைப்பு அறுவைக்குப் பின்பும் திருநங்கையரின் உடலில் புராஸ்டேட் சுரப்பி பொதுவாக அப்படியே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையால், புராஸ்டேட் நோயை அறிய உதவும் பிஎஸ்ஏ என்னும் இரத்தப் புரதத்தின் அளவு தாழ்ந்துவிடுவதால், வழக்கமான வரம்பைக் கொண்டு முடிவைப் படித்தால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடலாம். மார்பகங்களை அகற்றும் மார்பு அறுவை செய்துகொண்டவரிடம் எஞ்சியிருக்கும் சிறிதளவு மார்பகத் திசு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-கதிர்ப் படத்துக்குப் போதாமல், அல்ட்ராசவுண்ட் தேவைப்படலாம். முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை (ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் இயக்குநீருக்கு உடல் இணங்காத பிறவி நிலை) உள்ள ஊடுபால் பெண்ணுக்கு, அதாவது பிறப்பிலேயே உடற்கூறு வழக்கமான ஆண், பெண் வகைக்குள் அடங்காத பெண்ணுக்கு, கருப்பை இராது. விந்தகங்கள் வயிற்றினுள்ளோ தொடையிடுக்கிலோ இருக்கலாம். இதை அறியாத கதிரியல் மருத்துவர் ஸ்கேனில் அவற்றை வேறு கட்டியாக எண்ணிவிட இடமுண்டு.

'எஞ்சியது', 'அமைக்கப்பட்டது' ஆகிய நிலைகளுக்குப் 'பட்டியல்' என்னும் சொல்லில் இடமில்லை. அது உண்டு, இல்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. 'இருப்பு' கிடங்குக் கணக்கை நினைவூட்டுகிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் சொல்லை மருத்துவமனையில் எவரும் புழங்க மாட்டார்கள். 'உறுப்புப் பதிவு' என்று சுருக்கினால் உறுப்புக் கொடைக்குப் பெயர் கொடுப்பதாகப் பொருள்படும். ஆகவே 'உறுப்புநிலைப் பதிவு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். "உங்கள் உறுப்புநிலைப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளலாமா?" என்று எல்லா நோயாளிகளிடமும் கேட்க முடியும், கருப்பை அகற்றப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அது பயன்படும்.

இதனோடு சேர்த்து முடிவுசெய்ய வேண்டிய சொல் இன்னொன்றும் உண்டு. எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்குமுன் கருவுற்றிருக்கிறாரா என்று கேட்க வேண்டியவர்களை, பிரிட்டனின் 2017ஆம் ஆண்டுக் கதிர்வீச்சு விதிமுறைகள் 'பெண்கள்' என்று குறிக்காமல், கருவுறும் வாய்ப்புள்ள நபர்கள் என்றே குறிக்கின்றன. அதற்குக் 'கருவுறத்தக்கவர்' பொருந்துமா என்பதை அன்பர்கள் ஆராய வேண்டுகிறேன்.