கடற்கரையில் இரவு விட்டுவந்த சாமான்கள்: எடுத்து வைக்க யாருக்கு உரிமை?

வைகைக்கரை:

பரமக்குடியிலிருந்து எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்களும் உச்சிப்புளிப் பக்கத்துக் கரைக்காரர்களும் பதில் சொன்னால் நல்லது.

போன சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு விடுமுறை என்று கோயம்புத்தூரிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. மொத்தம் பதினொரு பேர். அரியமான் கடற்கரையில் கூட்டம் நெரிந்ததால் கரையோடு மேற்கே நடந்துபோய், ஆளில்லாத இடமாகப் பார்த்து நான்கு மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினோம். பகல் முழுவதும் அங்கேதான். புளியோதரை, அவித்த முட்டை, சீட்டுக்கட்டு எல்லாம் ஆயிற்று. இருட்டியதும் தம்பி, "காலையில் சூரிய உதயம் பார்க்க இங்கேதானே வரப்போகிறோம், இதையெல்லாம் எதற்குச் சுமப்பது?" என்றான். எனக்கும் இடுப்பு வலி. பந்தல், இரண்டு மடக்கு நாற்காலி, கோரைப்பாய், ஐஸ் பெட்டி, அம்மாவின் எவர்சில்வர் தூக்குவாளி, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உச்சிப்புளியில் சித்தி வீட்டில் போய்ப் படுத்துவிட்டோம்.

காலை ஐந்தே முக்காலுக்கு வந்து பார்த்தால் பந்தலைக் காணவில்லை. மூங்கில்களைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி, தார்ப்பாயைச் சுருட்டி, நாற்காலிகளை மடக்கி, மேட்டில் ஒரு மீன் வாடியின் (மீன் பிரிக்கும் கொட்டகையின்) ஓரம் அடுக்கியிருந்தார்கள். ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். "யாருடையது? உள்ளே என்ன இருந்தது?" என்று தம்பியைக் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். உள்ளே இருந்தது மூன்று பன்னீர் சோடாவும் கரைந்துபோன ஐஸும். வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "கடற்கரை என்ன உங்கள் வீட்டுத் திண்ணையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அது இங்கே வேண்டாம்.

தூக்குவாளி மட்டும் இல்லை. இரண்டு லிட்டர் பிடிக்கும். கழுத்துக்குக் கீழே 'மு.லெ. 1971' என்று உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு ஐம்பது வருடம் தேய்த்ததில் 'மு' பாதி அழிந்துவிட்டது, விரலால் தடவினால்தான் தெரியும். அம்மாவின் கல்யாணச் சீர்.

இரவில் கடற்கரையில் பொருளை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா? இருந்தால் அங்கே ஒரு பலகையாவது வைத்திருக்க வேண்டாமா? அடுத்தவர் பொருளைத் தொட்டு நகர்த்த இவர்களுக்கு என்ன உரிமை?

கரைவலை வீட்டுப் பிள்ளை:

அக்கா, கோபப்படாமல் படியுங்கள். அந்தப் பெரியவர் என் அப்பா இல்லை, ஆனால் என் அப்பாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

கரைவலை எப்படி வளைப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். வள்ளம் வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாகப் போய், தள்ளி வேறோர் இடத்தில் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கரையோடு நடந்து ஒன்றையொன்று நெருங்கி வரும், கடைசியில் மீன் சேர்ந்திருக்கும் மடி வரும். நீங்கள் மூங்கில் நட்டது அந்த நடைபாதையின் நடுவில். விடியாத இருட்டில் கயிறு ஒரு மூங்கிலில் சிக்கினால் ஒரு பக்கம் நிற்க வேண்டும், மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், வலை கோணிவிடும், மீன் போய்விடும். அன்றைய பாடு அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் விலை கிடைக்கிற நாட்கள் இவைதான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடா ஆண் கடல் என்போம். பெண் கடல்தானே, அலை இல்லையே என்று வெளியூர்க்காரர்கள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே சாமானை வைப்பார்கள். அலை இல்லாவிட்டாலும் ஓதம் ஏறும். காலையில் கோரைப்பாய் ஈரமாக இருந்ததா? இருந்திருந்தால் உங்கள் சாமான்களைக் கடலிடமிருந்து காப்பாற்றியவர்களோடுதான் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

போலீஸ் விஷயமும் அப்படித்தான். எதிரே இலங்கை. பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று எத்தனையோ மூட்டைகள் இந்தக் கரைகளில் பிடிபட்டிருக்கின்றன. இரவில் ஆளில்லாமல் ஒரு மூடிய பெட்டி கிடந்தால் யாராவது கடலோரப் போலீஸின் 1093க்குப் போன் செய்வார்கள், அவர்களும் வந்து திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

தூக்குவாளி வாடியில்தான் இருக்கும். பேர் வெட்டிய பாத்திரத்தை எங்கள் ஊரில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நேரில் போய்க் கேளுங்கள், அந்தப் பெரியவரிடமே.

பழைய தாலுகா குமாஸ்தா:

இத்தனை மணிக்கு மேல் நாற்காலி வைக்கக் கூடாது என்று இந்தக் கரைக்கென்று தனி ஆணை எதையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்து, 2011லும் 2019லும் மாற்றி எழுதப்பட்டது. அதன் கவலையெல்லாம் கட்டுமானம், மணல், கழிவு பற்றியது. உங்கள் தார்ப்பாய் அதில் வராது.

அதற்காக அந்த இடம் உங்களுடையது ஆகிவிடுமா? 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி உயர் அலை மட்டத்துக்குக் கீழே உள்ளது அரசின் சொத்து. அதற்கு மேலே பெரும்பாலும் புறம்போக்கு. பகலில் உட்கார்ந்து எழுந்து போகலாம். ஆளில்லாத பந்தலுக்கு அங்கே எந்தப் பாத்தியதையும் கிடையாது.

பொருளின் கதை வேறு. விட்டுவிட்டு வந்தாலும் அது உங்களுடையதுதான். உரியவரிடம் கொடுக்கும் எண்ணத்தில் பத்திரமாக எடுத்து வைத்தவர் மீது குற்றமில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்காமலும், தனதாக்கிக்கொண்டால் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 314. ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவும் கண்டெடுத்தவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கிறது: அடைக்கலமாக ஒப்படைத்த பொருளைப் போல அதைக் காக்க வேண்டும். ஆகவே முதலில் வாடியில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் திருட்டு என்று எழுதாதீர்கள்.

தங்கச்சிமடத்தான்:

நல்லவேளை, தனுஷ்கோடியில் இதைச் செய்யவில்லை. அங்கே பொழுது சாய்ந்தால் ஆட்களையே வெளியே அனுப்பிவிடுவார்கள், சாமானை எங்கே வைப்பது? தை, மாசி, பங்குனி என்றால் இன்னும் மோசம். பங்குனி ஆமை முட்டையிட ஏறி வரும். வழியில் நாற்காலியோ பிள்ளைகள் தோண்டிவிட்டுப் போன குழியோ இருந்தால் முட்டி மோதி, முட்டையிடாமலே திரும்பிவிடும். விடியுமுன் வனத்துறை ஆட்கள் தடம் பார்த்துத் தேடி முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தடத்தின் மேல் பாய் விரித்துக் கிடந்த ஒரு குடும்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோவைத் தம்பி:

அந்தத் தம்பி நான்தான். ஐஸ் பெட்டியைப் போலீஸ் திறக்கவில்லை அக்கா. இரவு கடைசியாக ஒரு சோடாவை எடுத்துவிட்டு நான்தான் மூடாமல் வந்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அப்போது பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

வைகைக்கரை:

தம்பி, உன்னோடு போனில் பேசிக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு: நேற்று பஸ் ஏறிப் போய் வந்தேன். கோரைப்பாய் ஈரமாகத்தான் இருந்தது, அதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். வாடியில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் தூக்குவாளி என்றதும், செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கூரைக்கம்பில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார்கள். "பேர் இருந்தது, எப்படியும் தேடி வருவீர்கள் என்று மாட்டிவிட்டேன். நீங்கள்தான் அன்றைக்கு நின்று கேட்கவே இல்லையே" என்றார். பெரியவர் கடலுக்குப் போயிருந்தார். அவருக்கென்று கொண்டுபோன அதிரசத்தை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மூடி மட்டும் கிடைக்கவில்லை. நாய் கவ்விப் போயிருக்கலாம் என்கிறார்கள். உச்சிப்புளிப் பக்கம் யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள். அதில் 'மு.லெ.' இருக்காது, 'ப.ரா.' என்றிருக்கும். 1988இல் ஒரு வளைகாப்பு வீட்டில் மாறிப்போன மூடி அது. அந்தப் ப.ரா. யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.