தொட்டாலே குதிக்கும் வியாழனும் நான் கட்டிய மோட்டார் ஃபோகஸரும்

என்னுடையது 6 அங்குல நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வைத்த தொலைநோக்கி. எஃப்/5, குவியத் தூரம் கண்ணாடியின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு. கண்ணால் பார்த்த வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கேமரா மாட்டியதும்தான் வினை ஆரம்பித்தது. ஃபோகஸ் குமிழில் விரல் பட்டாலே திரையில் வியாழன் குதிக்கும், அது அடங்கும் வரை காத்திருந்து பார்த்தால் ஃபோகஸ் தாண்டிப் போயிருக்கும், மறுபடி தொடணும், மறுபடி குதிக்கும். எஃப்/5-இல் படம் கூர்மையாக நிற்கும் இடமே மொத்தம் 65 மைக்ரான் அளவுதான், ஒரு தலைமுடித் தடிமன். அதை விரலால் பிடிக்கப் பார்த்திருக்கிறேன்!

குமிழை விரலுக்குப் பதில் மோட்டார் திருப்பினால் அதுதான் மோட்டார் ஃபோகஸர். கடையில் விற்பதன் விலையைப் பார்த்துவிட்டு நேராகச் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 28பிஒய்ஜே-48 என்கிற குட்டி ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாக, எண்ணி நகர்வது), அதை ஓட்டும் யூஎல்என்2003 போர்டு, புரோகிராம் எழுதிப் போட ஆர்டுயினோ நானோ என்கிற குட்டிக் கணினி போர்டு, இரண்டு பட்டன், எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள். மோட்டாருக்குள்ளேயே பற்சக்கரங்கள் இருப்பதால் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற 2048 ஸ்டெப். என் குமிழ் ஒரு சுற்றுக்கு ஃபோகஸரை 20 மிமீ நகர்த்தும். ஆக ஒரு ஸ்டெப்புக்கு 10 மைக்ரான், தாராளம்.

முதல் மோட்டார் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. அது 5 வோல்ட் மோட்டார், நான் கொடுத்தது மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) பேட்டரியின் 12 வோல்ட். அப்புறம் மோட்டார் தாங்கியை மாட்டத் தொலைநோக்கியின் டியூபில் ஓட்டை போட்டேன், கண்ணாடியைக் கழற்றாமல். இரும்புத்தூள் எங்கே போய் விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தண்ணீரில் அலசி ஒருவழியாகக் காப்பாற்றினேன்.

மோட்டாரையும் குமிழையும் இணைக்கும் கப்ளிங்தான் பெரிய தலைவலி. மோட்டார் தண்டு 5 மிமீ, குமிழின் தண்டு 6. லேத் பட்டறை அண்ணன் பித்தளைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ சின்ன வேலைக்கு மிஷின் ஓட்டணுமா தம்பி?" என்றார். ஆனால் நடுப்புள்ளி பிசகாமல் கடைந்து கொடுத்தார். அதற்கு முன் பேனா மூடியை வைத்து நானே செய்தது தள்ளாடிக்கொண்டே சுற்றியது.

புரோகிராம் எழுதியது ஒரே மாலை. ஆனால் திசையை மாற்றினால் முதல் 40 ஸ்டெப்புக்கு ஃபோகஸர் அசையவே இல்லை. காரணம், மோட்டாரின் பற்களுக்கு நடுவே இருக்கும் பற்சக்கர இடைவெளி. 40 ஸ்டெப் என்றால் 400 மைக்ரான், 65-ஐப் பிடிக்க வந்தவனுக்கு! இடைவெளியை ஒழிக்க முடியாது, ஏமாற்றலாம். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி, எதிர்த்திசையில் போகச் சொன்னால் 100 ஸ்டெப் கூடப் போய்த் திரும்பி வரும்படி எழுதிவிட்டேன். நிற்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுகிறேன், மோட்டார் சுடாது, கேமரா எடையைப் பற்சக்கரமே தாங்கிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு மார்கழி ராத்திரி ஒன்றில் சீரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்து, பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்ட டியூப் முன்னால் வைக்கும் கோடு வெட்டிய மூடி) வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு ஓரியன் நெபுலாவை எடுத்தேன். இரண்டு மணிக்கு மேல் படம் லேசாகக் கலங்கியது. குளிரில் இரும்பு டியூப் சுருங்குகிறது, 750 மிமீ நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 9 மைக்ரான். பட்டனை நாலு தட்டு தட்டினேன், நட்சத்திரம் அசையாமல் சரியாகிவிட்டது. அந்த நிமிஷத்துக்காக எத்தனை மோட்டாரையும் கருக்கலாம்.

கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று: கப்ளிங்குக்குக் கையால் திருகும் ஸ்க்ரூ போடுங்கள். ஒருநாள் பாதி ராத்திரியில் ஒயர் பிடுங்கிக்கொண்டு, கையால் ஃபோகஸ் செய்யலாம் என்று ஆலன் கீயை வைத்து இருட்டில் கழற்றினேன். அந்தக் குட்டி ஸ்க்ரூ இன்னும் மொட்டை மாடியில் எங்கேயோதான் கிடக்கிறது.