டேப் டிரைவ் தெரிகிறது, ஆட்டோசேஞ்சர் அசையவில்லை (ஃப்ரீபிஎஸ்டி)

கேள்வி:
வணக்கம். எட்டு ஸ்லாட் உள்ள பழைய டேப் ஆட்டோசேஞ்சர் (டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் பெட்டி) ஒன்றை அலுவலகத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். எல்டிஓ-5 வகை டேப், எஸ்ஏஎஸ் (ஸ்கஸி வகை) இணைப்பு, ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் சர்வர். பெட்டியின் முன்பக்கப் பட்டனை அழுத்தி டேப்பை ஏற்றினால் டார் (கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கட்டளை) அழகாக எழுதுகிறது, படிக்கிறது. சேஞ்சரை இயக்கும் சிஎச்ஐஓ கட்டளையில் டேப்பை மாற்றச் சொன்னால் மட்டும் சிஎச்0 என்ற சாதனக் கோப்பே இல்லை என்கிறது. கேபிளை மாற்றினேன், இரண்டு முறை ரீபூட் செய்தேன். தினமும் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பட்டனை அழுத்துவது நான்தான். இப்போதைக்கு இந்த ஆபீசின் ஆட்டோசேஞ்சர் நான்.

பதில்:
கேபிளைக் குறை சொல்லாதீர்கள். இந்த மாதிரிச் சிறிய பெட்டிகளில் டேப்பைப் படித்து எழுதும் டிரைவும் அதை மாற்றும் ரோபோவும் பெரும்பாலும் ஒரே கேபிளில்தான் வரும்: டிரைவ் எல்யூஎன் 0, ரோபோ எல்யூஎன் 1 (ஒரே இணைப்பில் உள்ள சாதனங்களைப் பிரித்துக் காட்டும் எண்). இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் கேம்கன்ட்ரோல் டெவ்லிஸ்ட் கட்டளையை அடித்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
எல்யூஎன் 0 வரியில் பாஸ்2, எஸ்ஏ0. எல்யூஎன் 1 வரியில் பாஸ்3 மட்டும்.

பதில்:
அப்படியென்றால் ரோபோவை கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பார்த்துவிட்டது, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. பாஸ் என்பது எல்லா ஸ்கஸி சாதனத்துக்கும் கிடைக்கும் பொது வாசல். டேப்புக்கு எஸ்ஏ, சேஞ்சருக்கு சிஎச் என்று தனித்தனி டிரைவர்கள். ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் கெர்னலில் இரண்டுமே உண்டு. உங்களுடையது யாராவது கைவைத்த கெர்னலா? உறுதி செய்ய எம்டிஎக்ஸ் என்ற சேஞ்சர் கருவியை நிறுவி பாஸ்3-ஐக் கொடுத்து ஸ்டேட்டஸ் கேளுங்கள். அதற்கு சிஎச் தேவையில்லை.

கேட்டவர்:
எம்டிஎக்ஸ் எட்டு ஸ்லாட்டையும் காட்டியது! கெர்னல் அமைப்புக் கோப்பைத் திறந்தால், எனக்கு முன் இருந்தவர் ‘தேவையில்லாத’ வரிகளை எல்லாம் நீக்கியிருக்கிறார். அதில் சிஎச்சும் போயிருக்கிறது. வரியைச் சேர்த்து, பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல் என்று கெர்னலைக் கட்டி நிறுவி ரீபூட் செய்தேன். சிஎச்0 வந்துவிட்டது. ஆனால் புதுக் குழப்பம். சிஎச்ஐஓவில் 7 என்று ஏழாவது ஸ்லாட்டைக் கேட்டேன், எட்டாவதில் இருந்த கிளீனிங் டேப்பை எடுத்துப் போட்டுவிட்டது. டிரைவும் சமர்த்தாகச் சுத்தம் செய்துகொண்டு அதை வெளியே தள்ளியது.

பதில்:
சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். எம்டிஎக்ஸ் ஸ்லாட்டை 1 முதல் எண்ணும், சிஎச்ஐஓ 0 முதல். உங்கள் ஏழாவது ஸ்லாட் சிஎச்ஐஓவுக்கு 6. ஸ்கிரிப்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இன்னொருவர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பேக்கப் மென்பொருள் ரூட்டாக ஓடாவிட்டால் சிஎச்0-வைத் திறக்க அனுமதி கிடைக்காது. கையால் சிஎச்மாட் கட்டளை போட்டு அனுமதியை மாற்றினால் அடுத்த பூட்டில் போய்விடும். சாதன அனுமதிகளுக்கான டெவ்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் எழுதினாலும், பூட் ஆகும்போது இருக்கும் சாதனங்களுக்குத்தான் அது செல்லும். பெட்டியைப் பிறகு ஆன் செய்யும் பழக்கம் இருந்தால் டெவ்எஃப்எஸ்.ரூல்ஸில் எழுதுங்கள். பேக்கப்புக்கு எஸ்ஏ0 வேண்டாம், அதே டிரைவின் சுற்றாத வாசலான என்எஸ்ஏ0 கொடுங்கள். எஸ்ஏ0 மூடும்போதெல்லாம் டேப்பை முதலுக்கே சுற்றிவிடும், அடுத்த பேக்கப் பழையதன் மேலேயே ஏறும்.

கேட்டவர்:
சார், நேற்று வரை எஸ்ஏ0தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வார டேப்புகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கிறேன்.