ஜிம்முக்குப் போனால் பையனின் உயரம் நின்றுவிடுமா?

தாராவி அம்மா

வணக்கம். நாங்கள் தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகனுக்கு 14 வயதும் நாலு மாதமும். தீபாவளி முடிந்ததிலிருந்து கூடப் படிக்கும் பையன்களோடு ஜிம்முக்குப் போகிறான். அவன் நிற்கப் பழகிய நாளிலிருந்து கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அவன் உயரத்தைக் குறித்து வருகிறேன். போன ஞாயிறு காலை எழுந்ததும் அளந்தேன், 158 செ.மீ. புதன்கிழமை ராத்திரி ஜிம்மிலிருந்து வந்தவனைச் சந்தேகத்தில் மறுபடி நிறுத்திப் பார்த்தால், தலை கோட்டுக்குக் கீழே நிற்கிறது. அரை விரற்கடை இருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"குருத்தை அமுக்கினா தென்னை வளருமா?" என்று அத்தை அன்றைக்கே சொன்னார். அவன் அப்பா 165 செ.மீ., நான் 152. இருக்கிற உயரமும் போய்விடக் கூடாது என்று அவர் ஜிம்மை நிறுத்தச் சொல்லிவிட்டார். பையன் இரண்டு நாளாக ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே எடை தூக்கினால் வளர்த்தி நிற்குமா?

செம்பூர் ட்ரெய்னர்

அக்கா, முதலில் அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் நீர் நிறைந்த வட்டுகள் உண்டு. பகலெல்லாம் நின்று நடந்து, பையைச் சுமந்தால் அவை அழுந்திக் கொஞ்சம் நீர் வெளியேறும். ராத்திரி படுத்தால் திரும்ப ஊறிவிடும். காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு செ.மீ. போல வித்தியாசம் எல்லோருக்கும் வரும். தோளில் பார் (எடைக் கம்பி) வைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) செய்த நாளில் கொஞ்சம் கூடவும் இருக்கலாம். உங்களையே அளந்து பாருங்கள். பையனை எப்போதும் காலையில் எழுந்ததும், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டியபடி நிறுத்தி அளங்கள்.

உங்கள் அத்தை சொன்ன குருத்து உண்மையில் இருக்கிறது. நீளமான எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு உண்டு. உயரம் வளர்வது அங்கிருந்துதான். பருவம் முடியும்போது அது எலும்பாக இறுகி மூடிக்கொள்ளும், அத்தோடு வளர்த்தி நிற்கும். அதை மூடச் சொல்வது உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள், டம்பெல் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதற்காக யாரும் பிள்ளையை ஓடாதே என்று சொல்வதில்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்து, ஆள் பக்கத்தில் நின்று செய்யவைக்கும் எடைப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. எடை தூக்கும் வீரர்கள் குள்ளமாக இருக்கிறார்களே என்பார்கள். கை கால் குட்டையாக இருந்தால் பார் போக வேண்டிய தூரம் குறைவு, அதனால் சின்ன எடைப் பிரிவுகளில் அவர்கள் தேறி வருகிறார்கள். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே கிட்டத்தட்ட ஆறரை அடி. 2016இலிருந்து தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 15 வயதுப் பையன் ஒருவன், நண்பர்களோடு பந்தயம் வைத்து பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளும் பயிற்சி) 60 கிலோ போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். ஸ்பாட் கொடுக்க, அதாவது பாரைப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நிற்க, யாரும் இல்லை. நான் அந்தக் கோடியில் வேறொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பார் ஒரு பக்கம் சாய, வலது மணிக்கட்டு பின்னால் மடங்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் கட்டைவிரல் பக்கம் வீங்க ஆரம்பித்திருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், விரிசல் சரியாக அந்தக் குருத்துத் தட்டு வழியாக ஓடியிருந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் இரண்டு கையும் ஒரே அளவில் வளர்கிறதா என்று டாக்டர் மறுபடி மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வளர்ந்தது. ஆனால் அது தெரியும்வரை அந்தத் தாயின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அதனால் 14 வயதுப் பையன் வந்தால் முதல் மாதம் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்குவது, வெறும் தடியை வைத்து ஸ்குவாட், அவ்வளவுதான். அப்புறம் 12 முதல் 15 முறை நிதானமாகத் தூக்கக்கூடிய எடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். 'உன்னால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும்' என்ற போட்டியே கூடாது. இன்னொன்றையும் பையனிடம் ஒளிக்காமல் பேசுங்கள். சில இடங்களில் சீக்கிரம் உடம்பு ஏற ஊசியும் மாத்திரையும் தருகிறார்கள். அந்த ஸ்டீராய்டுதான் குருத்துத் தட்டைக் காலத்துக்கு முன்னால் மூடிவிடும். உயரத்தைத் திருடுவது அது.

ஆன்டாப் ஹில் அப்பா

ட்ரெய்னர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பெரியவன் 13 வயதில் ஜிம்மில் சேர்ந்தான். அப்போது வகுப்பிலேயே அவன்தான் உயரம், மீசையும் வந்துவிட்டது. 15க்குப் பிறகு வளரவே இல்லை, 163இல் நின்றுவிட்டான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவனைத் தாண்டிவிட்டார்கள். பெற்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும். சின்னவனை 18 வரை அனுப்ப மாட்டேன்.

மாட்டுங்கா நர்ஸ்

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. குழந்தைகள் வார்டில் 18 வருடமாக இருக்கிறேன், ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 13 வயதில் மீசையோடு வகுப்பிலேயே உயரமாக இருந்தான் என்றால், அவனுக்குப் பருவம் முன்கூட்டியே வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பையன்கள் முதலில் சட்டென்று வளர்ந்து முதலிலேயே நிற்பார்கள். உடம்பு முறுக்கேறுவதும் அந்த நேரத்தில்தான், அதனால் ஜிம்முக்குப் போகும் ஆசையும் அப்போதே வருகிறது. பழி ஜிம்மின் மேல் விழுந்துவிடுகிறது. நீங்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை.

தாராவி அம்மாவுக்கு ஒரு கணக்கு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 13 கழிக்க வேண்டும். உங்களுக்கு 165, 152, 13, ஆக 330, பாதி 165. எட்டு செ.மீ. போல முன்னே பின்னே வரலாம். 14 வயதில் 158 என்பது நல்ல உயரம்தான். அடுத்த ஆறு மாதத்தில் கோடு நகரவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், தைராய்டு, இரத்தசோகை பார்ப்பார்கள்.

ஆனால் ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. வளர்கிற வயதில் சாப்பாடும் ஆழ்ந்த தூக்கமும் குறைந்தால் அதுதான் கெடுதல். இன்றைக்கே சமாதானப்படுத்திச் சாப்பிட வையுங்கள்.

தாராவி அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பதில்களை அவருக்கும் பையனுக்கும் வாசித்துக் காட்டினேன். ஊசி விஷயத்தைக் கேட்டதும் பையன், ஒரு அண்ணன் தனக்கும் மாத்திரை காட்டினார், வாங்கவில்லை என்று சொன்னான். கேட்டு உடம்பு நடுங்கிவிட்டது. அந்த ஜிம் வேண்டாம் என்று முடிவு செய்து, அவரே கூடப் போய், ட்ரெய்னர் பக்கத்தில் நிற்கும் இடமாகப் பார்த்திருக்கிறார். அன்று ராத்திரி தோசையும் இரண்டு முட்டையும் சாப்பிட்டான்.

என்னையும் அளந்தேன். காலையில் 152, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு 151. இன்று காலை தண்ணீர் வருவதற்கு முன்பே பையனை எழுப்பி நிறுத்தினோம். பழைய கோட்டுக்கு ஒரு நூல் மேலே. கோட்டை அத்தைதான் போட்டார்.